இஸ்திரி மேசையும் ஒரு ஜன்னலும்: வீட்டுச் சாப்பாட்டைப் படம் எடுப்பது எப்படி

என் மகள் வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறாள். செய்வது அவள், படம் எடுப்பது நான். அவள் கை எப்போதும் வெண்ணெயும் மாவுமாக இருக்கும். நான் ஓய்வு பெற்றுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வேலைக்கு என்னிடம் இருந்த தகுதி அவ்வளவுதான்.

முதல் படத்தைக் காட்டியதும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா, இது கேக்கா, செங்கலா?” என்று கேட்டாள். இரவு எட்டு மணிக்கு, தலைக்கு மேலே டியூப்லைட் எரிய, போதாததற்கு போனின் ஃபிளாஷையும் போட்டு எடுத்த படம். சாக்லேட் கேக்கின் நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு, பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்றும் அதே போன்தான், அதே வீடுதான். கேக் இப்போது கேக்காகத் தெரிகிறது. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு முட்டையை அவியுங்கள்

இதைப் படித்துக்கொண்டே செய்து பார்த்தால் நல்லது. ஒரு முட்டையை அவித்து, உரித்து, அடர்நிறத் தட்டு ஒன்றில் வையுங்கள். பகல் வேளையில் தட்டை ஜன்னலிலிருந்து ஓர் அடி, இரண்டடி தள்ளி வைத்துவிட்டு, அறையில் எரியும் எல்லா விளக்குகளையும் அணையுங்கள். இப்போது போனைப் பிடித்துக்கொண்டு தட்டைச் சுற்றி வாருங்கள்.

ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது முட்டை வெள்ளையாக ஒட்டிவைத்த காகிதம் மாதிரி தட்டையாகத் தெரியும். உருண்டை என்று நமக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாது. அப்படியே நகர்ந்து, ஜன்னல் உங்கள் இடப்பக்கம் வரும்படி நில்லுங்கள். முட்டையின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். ஒன்று மற்றொன்றாக மெல்ல மெல்ல மாறும் அந்த நடுப்பகுதியைக் கவனியுங்கள். முட்டைக்கு உருண்டை வந்தது அங்கேதான். இன்னும் நகர்ந்து ஜன்னலுக்கு நேர் எதிரே போனால், முட்டையின் விளிம்பில் மட்டும் ஒளிக்கோடு ஓடும்; உரித்த ஈரம் பளபளக்கும்; முன்பக்கம் இருண்டுவிடும்.

உணவுப் படத்தின் பாதி இந்த ஒரு சுற்றில் முடிந்துவிட்டது. ரொட்டியின் மொறுமொறுப்பு, கேக்கின் துளைகள், வறுத்த தோலின் சுருக்கம் எல்லாமே நம் கண்ணுக்குத் தெரிவது அவற்றின் குட்டிக் குட்டி நிழல்களால்தான். வெளிச்சம் முன்னாலிருந்து வந்தால் அந்த நிழல்கள் பொருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். போன் ஃபிளாஷ் கெடுப்பதும் இதனால்தான். லென்ஸை ஒட்டியே இருக்கும் புள்ளி விளக்கு அது. பார்க்கும் திசையிலேயே வெளிச்சமும் போகிறது.

நான் கணக்கு வைத்திருப்பது இப்படி. தட்டு ஒரு கடிகாரம், நான் ஆறு மணியில் நிற்கிறேன். ஜன்னல் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூப், பழச்சாறு, சாஸ் போன்ற ஈரமான, மினுங்கும் பொருள் என்றால் பதினொன்றுக்குப் பக்கம். ரொட்டி, பிஸ்கட் மாதிரி உலர்ந்தது என்றால் ஒன்பதரை போதும். பதினேழாம் நூற்றாண்டில் டச்சு ஓவியர்கள் பீட்டர் கிளாஸும் வில்லெம் ஹெடாவும் ரொட்டி, கண்ணாடிக் கிண்ணம், பாதி உரித்துத் தோல் தொங்கும் எலுமிச்சை என்று மேசையில் கிடப்பதையெல்லாம் வரைந்தார்கள். தேடிப் பாருங்கள். வெளிச்சம் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்துதான் வந்து விழும். ஃபிளாஷ் வாங்கும் ஆசை எனக்கு வந்தபோதெல்லாம் அவற்றைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

முட்டை இன்னும் தட்டிலேயே இருக்கட்டும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிமிர்த்திப் பிடியுங்கள். நிழல் இளகும். காகிதத்தைக் கிட்டே கொண்டுவர வர இன்னும் இளகும். அதே இடத்தில் கறுப்பு அட்டை பிடித்தால் நிழல் அழுத்தமாகும். கிரீம் கேக்குக்கு வெள்ளை, சாக்லேட்டுக்குக் கறுப்பு என்று நான் தொடங்குவேன். பிறகு கண் சொல்வதைக் கேட்பேன். தெர்மகோல் துண்டு ஒன்று, கறுப்பு சார்ட் அட்டை ஒன்று. என் ஸ்டுடியோவின் மொத்தச் சொத்து இவ்வளவுதான்.

சரி, இப்போது முட்டையை உப்பும் மிளகுத்தூளும் போட்டுச் சாப்பிட்டுவிடலாம்.

ஜன்னலில் கொஞ்சம் வேலை

நேர் வெயில் உள்ளே விழுந்தால் நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மெல்லிய வெள்ளைத் துணியோ பட்டர் பேப்பரோ ஜன்னலில் கட்டுங்கள். அப்போது வெயில் அந்தத் துணி முழுக்கப் பரவி, துணியே விளக்காகிவிடும். தட்டு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, நிழலின் விளிம்பு அவ்வளவு மென்மையாகும். மேகம் மூடிய நாள் உணவுப் படத்துக்கு அருமையான நாள் என்பது இதனால்தான். வானம் முழுக்க ஒரே விளக்கு.

விளக்குகளை அணைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒளி நீலம் பாய்ந்ததா மஞ்சள் பாய்ந்ததா என்று சொல்லும் அளவுக்கு நிற வெப்பநிலை என்று பெயர். பகல் வெளிச்சத்தினுடையது சுமார் 5500 கெல்வின். மஞ்சள் பல்பினுடையது 2700. இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால், போன் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது? ஒன்றைச் சரிசெய்யும், மற்றொன்றைக் கைவிடும். தட்டின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருக்கும், மறுபக்கம் மஞ்சள் காமாலை. பின்னால் எடிட் செய்து இதைச் சரிப்படுத்துவது பெரும்பாடு.

எங்கள் வீட்டில் நல்ல ஜன்னல் இருப்பது துணி துவைக்கும் மெஷின் வைத்திருக்கும் அறையில். அங்கே மேசை போட இடமில்லை. இரண்டு வாரம் நாற்காலி மேல் பலகை வைத்துத் தடுமாறினேன். ஒருநாள் இஸ்திரி மேசையை மடக்கப் போனபோதுதான் மண்டையில் உறைத்தது. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு கையால் ஜன்னல் பக்கம் இழுக்கலாம், தள்ளலாம். வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். அதன்மேல் ஒரு பலகையோ பழைய அலமாரிக் கதவோ வைத்தால் படத்துக்குத் தரை தயார். பலகை ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பாருங்கள். நான் அழுத்திப் பார்க்காத நாளில் ஒரு கிண்ணம் தயிர் போனது.

இரவில்தான் எடுக்க முடியும் என்றால், ஒரே ஒரு எல்இடி விளக்கு போதும். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில், அதாவது பக்கவாட்டில், அதை வைத்து, முன்னால் சற்றுத் தள்ளி வெள்ளைத் துணியை விரித்துக் கட்டுங்கள். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை விளக்கு எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்லும் எண்) 90-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். குறைந்த எண் உள்ள விளக்கில் தக்காளியும் இறைச்சியும் சிவப்பு செத்துப் போய்ச் சோகையாகத் தெரியும். படத்தில் வரிவரியாகக் கோடு ஓடினால் அது விளக்கின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியிலும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 நொடியிலும் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

போன்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். ஒருநாள் எடுத்த படமெல்லாம் பனி மூட்டத்தில் எடுத்தது போல வந்தது. ஜன்னல் கண்ணாடியில் தூசி என்று நினைத்துக் கழுவினேன். திரைச்சீலையைத் துவைத்தேன். அது காயும்வரை காத்திருந்து மறுபடி எடுத்தேன், மறுபடியும் பனி. மகள் வந்து போனை வாங்கி, ஏப்ரனின் சுத்தமான மூலையில் லென்ஸை ஒரு தேய் தேய்த்துக் கொடுத்தாள். வெண்ணெய்க் கையோடு அவள்தான் காலையில் அதை எடுத்துப் பேசியிருந்தாள் என்பது தனிக்கதை.

அடுத்தது, தட்டுக்கு மிக அருகில் போகாதீர்கள். போனின் முக்கிய லென்ஸ் அகலக் கோணம் உடையது. கிட்டே போனால் தட்டின் முன்விளிம்பு வீங்கும், கோப்பை சாயும், பக்கத்தில் இருப்பது பூதாகாரமாகும். ஓர் அடி பின்னால் நகர்ந்து 2 மடங்கு ஜூம் வையுங்கள். வட்டத் தட்டு ஒழுங்கான வட்டமாகத் தெரியும். பின்னணியில் தேவையில்லாத சாமான்களும் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

பிறகு, திரையில் உணவின் மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்துங்கள். பல போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். கூடவே வரும் சூரியக் குறியை மேலே கீழே இழுத்து வெளிச்சத்தை மாற்றலாம். இது எதற்கு என்றால், கேமராவுக்கு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கும் புத்தி. வெள்ளைத் தட்டில் வெள்ளைக் கிரீம் கேக்கைக் காட்டினால் “அடடா, ரொம்ப வெளிச்சம்” என்று அதுவாகவே இருட்டாக்கும். கேக் அழுக்குச் சாம்பலாகும். அப்போது கொஞ்சம் ஏற்ற வேண்டும். சாக்லேட் கேக்கைக் காட்டினால் இருட்டு என்று நினைத்து ஏற்றும். சாக்லேட் சாம்பல் பூத்தது போல் வெளுக்கும். அப்போது இறக்க வேண்டும். பார்க்க வெளுப்பாக இருந்தால் ஏற்று, கறுப்பாக இருந்தால் இறக்கு என்று தலைகீழாக நினைவு வைத்துக்கொண்டேன்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடைச் சாப்பாட்டுக்கு நான் தொடுவதில்லை. முள்கரண்டியின் பற்களுக்கு நடுவிலும் கண்ணாடி டம்ளரின் விளிம்பிலும் அது எதை மங்கலாக்குவது என்று தெரியாமல் விழிக்கும். தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: லென்ஸின் துளையை எஃப்/1.8 என்று அகலத் திறந்துவிட்டு, ஒரே ஒரு திராட்சை மட்டும் தெளிவாக, மீதியெல்லாம் கஞ்சியாக எடுக்க வேண்டாம். எஃப்/5.6 பக்கம் தொடங்கிப் பாருங்கள்.

எங்கிருந்து பார்ப்பது

ஒவ்வொரு உணவுக்கும் ஒரு முகம் உண்டு. பீட்சாவுக்கு முகம் மேலே. அதை நேர் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். அடுக்குக் கேக்குக்கும் சாண்ட்விச்சுக்கும் முகம் வெட்டிய பக்கத்தில். போனை மேசை உயரத்துக்கு இறக்கி, நேருக்கு நேர் பாருங்கள். கிண்ணத்துச் சோறு, நூடுல்ஸ், சாலட் எல்லாம் சாப்பிட உட்காருபவர் பார்க்கும் கோணத்தில், சுமார் 45 டிகிரியில், சரியாக அமையும். மேலிருந்து எடுக்கும்போது போன் தட்டுக்குச் சமமட்டமாக இருக்க வேண்டும். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் சாய்வு உடனே தெரியும். உங்கள் தலையின் நிழலையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் படங்கள் பலவற்றில் ஓரத்தில் கறுப்பாக வருவது என் வழுக்கைதான்.

உணவு கடைசியாக வரட்டும்

புதிதாகத் தொடங்குபவர்கள் சமைத்து முடித்து, தட்டில் பரிமாறி, அப்புறம்தான் ஜன்னலைத் தேடுகிறார்கள். அதற்குள் ஆறிவிடும். ஐஸ்கிரீம் ஓரிரு நிமிடத்தில் குழையத் தொடங்கும். உருகிய சீஸ் பாய்ந்த பளபளப்பு போய்த் தோல் மாதிரி இறுகும். பொரித்த முட்டையின் மஞ்சள் கருவில் பளபளப்பு மங்கும். சாஸ் ஊற்றிய கீரை தளர்ந்து படுத்துவிடும்.

நான் முதலில் டம்மி வைக்கிறேன். கேக் துண்டு வரப்போகும் இடத்தில் அதே உயரத்துக்கு ரொட்டித் துண்டு, சூப் வரப்போகும் இடத்தில் தண்ணீர் ஊற்றிய அதே கிண்ணம். கோணம், வெளிச்சம், வெள்ளை அட்டை, கரண்டி கிடக்கும் சாய்வு எல்லாவற்றையும் டம்மியை வைத்தே முடித்துவிடுவேன். கடைசியாக, “கொண்டு வாம்மா” என்பேன். உண்மையான தட்டு வந்ததும் பத்துப் படம், இரண்டு நிமிடம், வேலை முடிந்தது.

தயாரிப்பில் சில விஷயங்கள். பச்சைக் காய்கறி அதிக நேரம் வெந்தால் பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியம் விலகி, நிறம் பழுப்பேறிய பச்சையாகும். படத்துக்கு வேண்டியதை மட்டும் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். நறுக்கிய ஆப்பிளுக்கு எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பது தள்ளிப்போகும். கேக்கை வெட்ட, கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு ஒரே இழுப்பு. அடுத்த வெட்டுக்கு முன் மறுபடி நனைத்துத் துடைக்க வேண்டும். சோம்பல்பட்டுத் துடைக்காமல் விட்டால் வெள்ளைக் கிரீமில் சாக்லேட் தீற்றல் விழும். எல்லாத் துகளையும் பெருக்கித் தள்ளிவிடவும் வேண்டாம். கத்தி போன வழியில் நாலு துகள் கிடந்தால்தான் யாரோ வெட்டினார்கள் என்று தோன்றும்.

சூப் எடுப்பது எரிச்சலூட்டும் வேலை. காய்கறியெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே வெறும் தண்ணீர். இதற்காகத்தான் அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் விளம்பரத்தில் கிண்ணத்துக்குள் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்களை மேலே ஏற்றிக் காட்டினார்கள். கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதைப் பிடித்துக்கொண்டது. 1970-இல் ஆணை போட்டு முடித்துவைத்தது. இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் காட்டி விற்பது ஏமாற்று, சந்தேகமே இல்லை. விற்கிற பொருளுக்கு நானும் அதைச் செய்ய மாட்டேன். வீட்டில் நமக்காக எடுக்கும்போது ஆழமான கிண்ணத்துக்குப் பதில் ஆழமில்லாத கிண்ணம் எடுத்து, சூப்பைக் குறைவாக ஊற்றி, காய்களைக் கரண்டியால் அள்ளி மேலே வைத்தாலே போதும். கோலி வேண்டாம்.

ஆவி வேண்டும் என்றால் ஜன்னலைப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு நகர்த்துங்கள், அதாவது நீங்கள் நகருங்கள். பின்னணியில் அந்தக் கறுப்பு சார்ட்டை வையுங்கள். ஆவியில் மிதக்கும் நீர்த்துளிகள் பின்னாலிருந்து வரும் ஒளியை நம் பக்கம் சிதறடிக்கும். கறுப்பின்மேல் அது பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கொதிக்கக் கொதிக்க வைத்தாலும் ஒன்றும் தெரியாது. மின்விசிறியை நிறுத்த மறந்துவிடாதீர்கள்.

தட்டு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறியதாக, பளபளப்பில்லாததாக, பூ வேலை இல்லாததாக இருக்கட்டும். பெரிய தட்டில் எவ்வளவு வைத்தாலும் ஏழைச் சாப்பாடு மாதிரிதான் இருக்கும். நீலத் தட்டு ஒன்று இருந்தால் விடாதீர்கள். சாப்பாட்டில் நீலம் அபூர்வம் என்பதால் மஞ்சளும் ஆரஞ்சும் அதன்மேல் எடுப்பாகத் தெரியும்.

எடுத்த பிறகு

முதலில் வெள்ளையைச் சரிசெய்யுங்கள். தட்டோ துணியோ வெள்ளையாக இருக்க வேண்டியது வெள்ளையாக வந்துவிட்டால் மற்ற நிறங்கள் தாமாக இடத்துக்கு வரும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம், நிழலைக் கொஞ்சம். நிறத்தை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷன் பக்கம் போகும் விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதை ஏற்றினால் சிவப்புதான் முதலில் கெடும். ஸ்ட்ராபெர்ரியின் விதைகளும் மடிப்புகளும் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். இரவில் எடிட் செய்ததைக் காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். இரவில் அருமையாகத் தெரிந்தவற்றில் பாதி காலையில் அசிங்கமாக இருக்கும்.

அனுப்புவதிலும் ஒரு பள்ளம் உண்டு. வாட்ஸப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். கேக்கின் துளைகள் எல்லாம் குழைந்து போகும். ஆவணமாக, டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும். போன மாதம் நான் மறந்துபோய்ச் சாதாரணமாக அனுப்பிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது: “அப்பா, மறுபடியும் செங்கல்!”